டயரின் பக்கச்சுவர் வந்த வழி

மோட்டார் வண்டியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் எஞ்சினைப் பற்றி எழுதினார்கள். பிரேக்கைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் எழுதினார்கள். டயரைப் பற்றிச் சொல்ல நேர்ந்த இடத்திலும், தரையைத் தொட்டுத் தேய்கிற அதன் முகப்பைப் பற்றியே அதிகம் சொன்னார்கள். அந்த முகப்புக்கும் இரும்பு ரிம்முக்கும் இடையே நின்று, உள்ளே அடைபட்ட காற்றை வெளியே விடாமல் காத்து, வண்டியின் பாரம் தன் பக்கம் இறங்கும்போதெல்லாம் வளைந்து கொடுத்து, அது நீங்கியவுடன் மறுபடி நிமிர்கிற பக்கச்சுவருக்கு அவர்களுடைய புத்தகங்களில் கிடைத்த இடம் மிகவும் சுருக்கமானது. அது செய்யும் வேலையோ சாமானியமானதன்று. நடுத்தரக் கார் ஒன்றின் சக்கரம் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 500 தடவை சுழல்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு நிமிஷத்தில் அந்தத் தூரத்தைக் கடந்துவிடுகிறது. ஆகவே பக்கச்சுவரின் எந்த ஓர் அங்குலத்தை எடுத்துக்கொண்டாலும் அது நிமிஷத்துக்கு 500 முறை மடங்கி விரிகிறது என்றும், 40,000 கிலோமீட்டர் ஓடி முடித்த டயரில் அவ்விதம் இரண்டு கோடி முறை மடங்கியிருக்கிறது என்றும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இத்தனை முறை மடங்கியும் கிழியாத ஒரு சுவரை உண்டாக்குவதற்குப் பல தேசத்து மனிதர்கள் நூறாண்டுக்கு மேல் பாடுபட்டிருக்கிறார்கள். நாம் இன்று அதன் பலவீனம் என்று குறை கூறுகிற மென்மை, அவர்கள் தேடித் தேடி அடைந்த குணம் என்பதுதான் இந்தச் சரித்திரத்தில் எனக்கு முக்கியமாகத் தோன்றும் விஷயம்.

காற்றடைத்த சக்கரத்துக்கு முதன்முதலில் உரிமை பெற்றவர் ஸ்காட்லாந்து தேசத்தவரான ராபர்ட் வில்லியம் தாம்ஸன். 1845 டிசம்பரில், தம்முடைய இருபத்து மூன்றாம் வயதில், இங்கிலாந்தில் அந்த உரிமையைப் பெற்றார். ரப்பர் பூசிய கான்வாஸ் துணியைக் குழாயாகச் செய்து அதில் காற்றை அடைத்து, அதன்மேல் கெட்டியான தோலைப் போர்த்து, அந்தத் தோலைச் சக்கரத்தோடு ஆணி வைத்து முடுக்கியிருந்தார். லண்டன் நகரத்து ரீஜன்ட்ஸ் பார்க்கில் குதிரை வண்டிகளில் இந்தச் சக்கரங்களைப் பூட்டி ஓட்டிக் காட்டியபோது, குளம்புச் சத்தம் மட்டும் கேட்டு, சக்கரத்தின் சத்தம் கேளாததைக் கண்டு ஜனங்கள் ஆச்சரியப்பட்டார்கள். ஒரு வண்டியில் பூட்டிய சக்கரங்கள் 1,200 மைல் ஓடியும் கெடாமலிருந்தன. ஆகவே உலகத்தின் முதல் பக்கச்சுவர் தோலால் ஆனது. தோல் உறுதியானதுதான், ஆனால் நனைந்தால் ஊறி, காய்ந்தால் விறைக்கிற அதன் சுபாவம், கணந்தோறும் மடங்கி விரிய வேண்டிய இடத்துக்குப் பொருந்தாது. விலையும் அதிகமாயிற்று, மோட்டார் வண்டியும் சைக்கிளும் பிறவாத காலத்தில் அதை வாங்குவோரும் இல்லை. தாம்ஸனே பிற்பாடு காற்றை விட்டுத் திட ரப்பருக்குத் திரும்பிவிட்டார். அந்தத் திட ரப்பர்ச் சக்கரங்கள் பூட்டிய அவருடைய நீராவி வண்டிகள் 1870களின் தொடக்கத்தில் பஞ்சாப் சாலைகளில் ஓடின என்பதும், அவற்றை ஓட்டிப் பார்த்த ராணுவ அதிகாரி, நம் வீட்டு மின்விசிறிகளில் பெயர் பொறித்திருக்கும் கிராம்ப்டனே என்பதும் வாசகர்களுக்குச் சுவையாக இருக்கலாம்.

தாம்ஸனை உலகம் மறந்து நாற்பது வருஷங்கள் கழிந்த பின்பு, 1887-இல், பெல்பாஸ்ட் நகரத்தில் கால்நடை வைத்தியம் செய்துவந்த ஜான் பாய்டு டன்லப் என்பவர், தம் மகனுடைய மூன்று சக்கரச் சைக்கிள் கல்பாவிய தெருவில் கடகடவென்று ஆடுவதைக் கண்டு, அதற்கு ஓர் உபாயம் தேடினார். மரத்தினால் ஒரு வட்டத் தட்டு செய்து, மெல்லிய ரப்பர்த் தகட்டைக் குழாயாக ஒட்டி, அதைச் சுற்றிலும் லினன் துணியால் கட்டி, காற்றை ஊதி அடைத்தார். அந்தத் தட்டையும் சைக்கிளின் திட ரப்பர்ச் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டபோது, சைக்கிள் சக்கரம் பாதி வழியில் சாய்ந்து விழ, காற்றுத் தட்டு முற்றத்தின் கோடி வரை ஓடிக் கதவில் மோதித் திரும்பிற்று. அடுத்த வருஷத்தில் அவருக்கும் உரிமை கிடைத்தது. தாம்ஸனுடைய பழைய உரிமை பிற்பாடு கண்டுபிடிக்கப்பட்டதால் அது செல்லாமற் போனது என்றாலும், டன்லப் என்ற பெயர் நிலைத்துவிட்டது. தோலுக்குப் பதிலாகத் துணியை வைத்ததுதான் அவருடைய பெரிய காரியம் என்று எனக்குப் படுகிறது. காற்றைத் தாங்குவதற்கு உறுதியான நூலும், அந்த நூலை மூடுவதற்கு மிருதுவான ரப்பரும் போதும் என்கிற உண்மை அந்தத் துணிக்கட்டில் முதன்முதலில் வெளிப்பட்டது. இன்றைய பக்கச்சுவரின் சாஸ்திரமும் அதற்கு மேல் போய்விடவில்லை.

ஆனால் டன்லப்பின் டயர் ரிம்மோடு சேர்த்துப் பசையினால் ஒட்டப்பட்டிருந்தது. 1889-இல் பிரான்ஸ் தேசத்துக் கிளேர்மான்-பெரான் நகரத்தில் ரப்பர்த் தொழிற்சாலை நடத்திவந்த மிஷலின் சகோதரர்களிடம் அத்தகைய டயர் பூட்டிய சைக்கிள் ஒன்று பழுதுபார்க்க வந்தது. பிரித்து ஒட்டுவதற்கு மூன்று மணி நேரமும், பசை உலர்வதற்கு ஓர் இரவும் ஆயிற்று. மறுநாள் காலையில் ஏடுவார் மிஷலின் அதில் ஏறிச் சிறிது தூரம் போவதற்குள் மறுபடியும் காற்றிறங்கிவிட்டது. சவாரியின் சுகத்தையும் பழுதின் சிரமத்தையும் ஒருங்கே அனுபவித்த அவர், கழற்றி மாட்டக்கூடிய டயரைச் செய்து 1891-இல் உரிமை பெற்றார். அதே காலத்தில் இங்கிலாந்தில் வெல்ச் என்பவர், டயரின் விளிம்புக்குள் கம்பி வளையத்தைப் புதைத்து, அது ரிம்மில் அமர்ந்து பிடித்துக்கொள்ளும்படி செய்தார். பக்கச்சுவருக்கு ஓர் அடியும் ஒரு முடியும் உண்டானது அப்போதுதான்: கீழே கம்பி வளையம், மேலே தரையைத் தொடும் முகப்பு, நடுவில் சுவர் தன்னிஷ்டப்படி வளையலாம். 1895 ஜூனில் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் ஏறக்குறைய 1,180 கிலோமீட்டர் பந்தயத்தில், மிஷலின் சகோதரர்கள் முதல் தடவையாகக் காற்று டயர் பூட்டிய மோட்டார் வண்டியை ஓட்டினார்கள். வழியெல்லாம் டியூப் வெடித்து, வழியெல்லாம் நிறுத்தி மாட்டி, நூறு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்த அந்த வண்டியைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் சில வருஷங்களுக்குள் பந்தய வண்டிகள் எல்லாம் காற்று டயருக்கு மாறின.

டயர் ஏன் அப்படி வெடித்தது என்பதை ஆராய்வதற்குத் தறியைத் தெரிந்தவன் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. அக்காலத்து டயருக்குள் அடுக்கடுக்காக வைத்த கான்வாஸ், சாதாரணத் தறியில் நெய்த துணி. அதில் பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கிச் செல்கின்றன. வேட்டியிலும் புடவையிலும் துணிக்குக் கட்டுமானத்தைத் தருகிற இந்த ஏற்ற இறக்கமே டயருக்குள் யமனாயிற்று. பக்கச்சுவர் மடங்குகிற ஒவ்வொரு முறையும், நூல்கள் குறுக்கிடும் ஆயிரக்கணக்கான இடங்களில் அவை ஒன்றையொன்று உராய்ந்தன, உராய்ந்து சூடேறின, சூட்டில் நைந்து அறுந்தன. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ரப்பர் புதிதாகவே தெரிய, உள்ளே துணி இற்றுப்போய், ஒருநாள் வெயிலில் டயர் பக்கவாட்டில் பிளந்துகொண்டு வெடித்தது. ஜான் புல்லர்டன் பாமர் என்ற அமெரிக்கர் 1890களின் தொடக்கத்தில் இந்த நோயின் மூலத்தைப் பிடித்தார். ஊடையையே நீக்கிவிட்டு, முறுக்கிய நூற்கயிறுகளை ஒன்றுக்கொன்று இணையாக ரப்பரில் பதித்து ஓர் அடுக்காகவும், அதற்கு எதிர்ச் சாய்வில் இன்னோர் அடுக்காகவும் வைத்து, இரண்டுக்கும் நடுவில் ரப்பரையே மெத்தையாக இட்டுவிட்டால், நூல் நூலைத் தொடாமலே பலம் தரும் என்று கண்டார். முதலில் சைக்கிளுக்காகச் செய்த இந்த முறையைக் கிழக்கு லண்டனிலுள்ள சில்வர்டவுன் ரப்பர்த் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது. மோட்டார் உலகம் முழுவதும் அதை ஏற்றுக்கொள்ள இருபது முப்பது வருஷங்கள் ஆயின. பருத்தி போய் ரேயான் வந்தது, ரேயான் போய் நைலானும் பாலியெஸ்டரும் வந்தன. பாமர் காட்டிய வழி மட்டும் மாறவில்லை.

கயிற்றைப் போர்த்துகிற ரப்பருக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் நம் ஜனங்களின் கண்ணீரும் கலந்திருக்கிறது. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசில் காடுகளிலிருந்து கொண்டுவந்த ஏறக்குறைய 70,000 விதைகளில், லண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் சுமார் 2,700 மட்டுமே முளைத்தன. அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் ஊன்றப்பட்டது. அடுத்த வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. சைக்கிளும் மோட்டாரும் ரப்பருக்கு ஆலாய்ப் பறந்த காலத்தில், ஆப்பிரிக்காவின் காங்கோ தேசத்தில் காட்டு ரப்பருக்காக நடந்த கொடுமைகளை ரோஜர் கேஸ்மெண்ட் 1904-இல் வெளியான தம் அறிக்கையில் உலகறியச் செய்தார். மலாயாவிலோ, திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து கப்பலேறிப் போன தமிழர்கள் இருட்டோடு எழுந்து தோட்டங்களில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார்கள். டயரின் முகப்பில் செயற்கை ரப்பர் பெரும்பாலும் குடியேறிவிட்ட இந்நாளிலும், கார் டயரின் பக்கச்சுவரில் இயற்கை ரப்பர் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மடங்கி மடங்கிச் சூடேறினாலும் எளிதில் கிழியாத அதன் குணத்துக்காக, பாலிபியூட்டடையீன் என்ற செயற்கை ரப்பரோடு அதைக் கலந்து சுவரை வார்க்கிறார்கள். அந்தத் தோட்டத்துப் பெண்கள் கோப்பையில் சேர்த்த பாலின் வம்சம்தான் இன்றும் நம் காரின் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

முதற்காலத்து டயர்கள் கருப்பாக இல்லை. ரப்பரோடு துத்தநாக பஸ்பம் கலந்ததால் அவை வெளுத்திருந்தன. 1898-இல் மிஷலின் கம்பெனி விளம்பரத்துக்காகப் படைத்த டயர் மனிதன் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் அதுவே. 1904-இல் அதே சில்வர்டவுன் தொழிற்சாலையில், கரித்தூளைக் கலந்தால் ரப்பரின் உறுதி பன்மடங்கு கூடுகிறது என்று கண்டார்கள். கரித்தூள் விலையுயர்ந்த சரக்காக இருந்ததால், தேய்கிற முகப்புக்கு மட்டும் அதை இட்டுப் பக்கச்சுவரை வெள்ளையாகவே விட்டார்கள்; பிற்பாடு கருப்பு டயர் சர்வசாதாரணமானபோது, வெள்ளைச் சுவர் சீமான்களின் அலங்காரமாக மாறிற்று. அந்த வெள்ளை, நடைபாதைக் கல்லில் உரசினால் அழுக்காகிவிடுமே என்ற கவலையில், 1950களில் அமெரிக்கர்கள் காரின் அடிப்பக்கத்தில் பூனை மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளைப் பூட்டினார்கள். கல்லின் அருகே வண்டி நெருங்கியவுடன் கம்பி உரசிக் கிரீச்சிட்டு ஓட்டுகிறவரை எச்சரிக்கும். அழகுக்காக வந்த ஏற்பாடானாலும், பக்கச்சுவரைக் கல்லிலிருந்து காப்பதற்கென்றே மனிதன் செய்த முதல் கருவிகளில் ஒன்று என்று அதை மதிக்க வேண்டும்.

1923-இல் பயர்ஸ்டோன் கம்பெனி ‘பலூன்’ டயரைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் கார் டயர் ஒல்லியாகவும் சுவர் கனமாகவும் இருந்தது. 60 பவுண்டுக்கு மேல் காற்றடித்தால்தான் பாரம் தாங்கும். சவாரி, கட்டை வண்டியின் சவாரிக்குச் சற்றே மேல். பலூன் டயரில் சுவர் மெல்லியதாயிற்று, வயிறு அகன்றது, காற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மெல்லிய சுவர் குறைந்த சூட்டோடு மடங்கும் என்பதால் டயரின் ஆயுளும் கூடிற்று. சுவர் கனக்கக் கனக்கப் பாதுகாப்பு என்று எண்ணியிருந்த உலகம், சுவர் மெலிய மெலிய நன்மை என்று கற்றுக்கொண்டது இந்தத் திருப்பத்தில்தான். காற்றைக் குறைத்து ஓட்டினால் அந்த மெல்லிய சுவர் அளவுக்கு மீறி மடங்கி உள்ளுக்குள்ளேயே வெந்து போகும் என்ற எச்சரிக்கையும் அதோடு சேர்ந்தே வந்தது. ஆனால் புதிய சுகத்தை ஏற்றுக்கொண்ட ஜனங்கள் எச்சரிக்கையைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அதைக் கேட்க வைத்தது யுத்தம். 1942-இன் தொடக்கத்தில் ஜப்பானியப் படை மலாயாவைப் பிடித்துக்கொண்டு, டச்சுக்காரர் வசமிருந்த தீவுகளையும் பிடித்தவுடன், உலகத்து இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நேசநாடுகளின் கையை விட்டுப் போயிற்று. அமெரிக்க சர்க்கார் பெட்ரோலுக்கு ரேஷன் வைத்ததன் முக்கிய நோக்கம் பெட்ரோலைச் சேமிப்பதன்று, டயரைச் சேமிப்பதே. மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டலாகாது என்றார்கள். ஒரு காருக்கு ஐந்து டயருக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது என்றார்கள். டயர்களைக் குறித்த காலத்தில் பரிசோதகரிடம் காட்டிச் சீட்டில் குறிப்பு வாங்க வேண்டும் என்று விதித்தார்கள். நம் ஊரில் கரி வாயுவில் பஸ்கள் ஓடிய அதே வருஷங்கள் அவை. மற்ற காலங்களில் எந்தப் பிரசாரத்தாலும் சாதிக்க முடியாத ஒரு காரியத்தை அந்தப் பஞ்சம் சாதித்தது: காற்று எவ்வளவு இருக்கிறதென்று வாரந்தோறும் பார்ப்பதும், கல்லில் ஏற்றாமல் நிறுத்துவதும், பக்கச்சுவரைக் குனிந்து பார்ப்பதும் குடும்பத்துக் கடமைகளாயின.

யுத்தம் முடிந்த பிறகு வேறொரு விரோதி வெளிப்பட்டது. அது கல்லோ பள்ளமோ அன்று, காற்றே. ஓடாமல் நின்ற வண்டிகளின் பக்கச்சுவரில் கூட மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள் கண்டன. வெட்டவெளிக் காற்றில் அற்பமாகக் கலந்திருக்கும் ஓஸோன் என்னும் வாயு, இழுபட்டு நிற்கும் ரப்பரின் அணுக்கட்டை அறுப்பதே இதற்குக் காரணம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் ரப்பர்ச் சாமான்கள் மற்ற ஊர்களைக் காட்டிலும் விரைவாக வெடித்தன. அந்நகரத்துப் புகைமூட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன நிபுணர், வளைத்து வைத்த ரப்பர்த் துண்டு எத்தனை சீக்கிரம் வெடிக்கிறது என்பதைக் கொண்டே காற்றிலுள்ள ஓஸோனை அளந்தார். மோட்டார்ப் புகையிலிருந்துதான் வெயிலின் உதவியால் அந்த ஓஸோன் உண்டாகிறது என்று அவர் நிரூபித்தபோது, கார் தன் புகையாலேயே தன் டயரைத் தின்கிறது என்பது தெளிவாயிற்று. அதன் பிறகு ரப்பரில் மெழுகும், ஓஸோனைத் தானே ஏற்றுக்கொள்ளும் சில ரசாயனங்களும் கலக்கப்பட்டன. டயர் ஓடி மடங்குகையில் இவை உள்ளிருந்து கசிந்து மேற்பரப்பில் கவசமாகப் படிகின்றன. பழைய டயரின் சுவரில் காணும் செம்பழுப்பு நிறம் பெரும்பாலும் அந்தக் கவசமே. மினுமினுப்புக்காகப் பெட்ரோலியத் தைலங்களைத் தடவித் தேய்க்கிறவர்கள் அழுக்கோடு கவசத்தையும் துடைத்துவிடுகிறார்கள். இந்த ரசாயனங்களில் ஒன்று, ஓஸோனோடு சேர்ந்து மாறி, மழைநீரோடு ஓடைகளில் இறங்கி, வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் கோஹோ என்ற சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதற்கு மாற்று தேடவேண்டிய பொறுப்பு இந்தத் தலைமுறை ரசாயனிகளின் தலைமேல் இருக்கிறது.

இனி ரேடியல் டயருக்கு வருவோம். மிஷலின் கம்பெனியில் அச்சுக்கூடத்து வேலைக்கென்று சேர்ந்து, தன் புத்தி சாதுரியத்தால் ஆராய்ச்சிப் பகுதிக்கு உயர்ந்த மாரியுஸ் மின்யோல் என்பவர், டயரின் எந்தப் பாகம் அதிகமாகச் சூடேறுகிறது என்று அறிய விரும்பினார். எதிரெதிர்ச் சாய்வில் போகும் அடுக்குகளைப் பக்கச்சுவரிலிருந்து எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேர்க்குறுக்காக, இடைவெளி விட்டு விட்டு, உலோகக் கம்பிகளை மட்டும் வைத்து ஒரு பரிசோதனை டயர் செய்தார். பார்ப்பதற்கு ஈப் பிடிக்கும் கூண்டு போலிருந்ததால் தொழிற்சாலையில் அதற்கு அந்தப் பெயரே வழங்கிற்று. ஓட்டிப் பார்த்தால் சூடு வெகுவாகக் குறைந்திருந்தது. சுவர் வேறு, முகப்பு வேறு. சுவருக்கு மென்மையும் முகப்புக்கு விறைப்பும் வேண்டும். இரண்டையும் ஒரே அடுக்குகளால் செய்ததுதான் அதுவரை நடந்த பிழை என்று புலப்பட்டது. முகப்புக்கு அடியில் எஃகுப் பட்டைகளை இட்டுக் கெட்டிப்படுத்தி, சுவரை நேர்க்குறுக்கு நூல்களோடு மெலிய விட்டு, 1946 ஜூன் 4-ஆம் தேதி மிஷலின் கம்பெனி உரிமைக்கு விண்ணப்பித்தது. ‘எக்ஸ்’ என்ற பெயரோடு 1949-இல் இந்த ரேடியல் டயர் விற்பனைக்கு வந்தது. ஆயுள் கூடிற்று, பெட்ரோல் மிச்சமாயிற்று, வளைவுகளில் பிடிப்பு அதிகரித்தது. இத்தனைக்கும் ஒரே ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது: எதிரெதிர்ச் சாய்வில் அடுக்கிய பழைய குறுக்கு அடுக்கு டயரின் பக்கத்தில் நாலு அடுக்குத் துணி நின்ற இடத்தில் இப்போது ஒன்று, மிஞ்சினால் இரண்டு அடுக்கு நூல் மட்டும் நிற்கிறது. முகப்பில் ஆணி குத்தினால் எஃகுப் பட்டை எதிர்த்து நிற்கும். பக்கத்தில் கூர்ங்கல் குத்தினால் எதிர்ப்பதற்கு மெல்லிய ரப்பரும் அந்த ஓரடுக்கு நூலுமே உண்டு.

நம் தேசத்தில் டன்லப் கம்பெனி 1936-இல் வங்காளத்துச் சாகாகஞ்சில் டயர்த் தொழிற்சாலையைத் தொடங்கிற்று. சென்னையில், 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்துகொண்டிருந்த கே. எம். மாம்மன் மாப்பிள்ளை, 1952-இல் தேய்ந்த டயருக்கு மேல் ஒட்டும் ரப்பரைச் செய்யத் தொடங்கி, 1961-இல் அமெரிக்க மான்ஸ்பீல்டு கம்பெனியின் துணையோடு டயரே செய்ய ஆரம்பித்தார்; எம்.ஆர்.எஃப். கம்பெனி அப்படிப் பிறந்தது. அந்தக் காலத்து அம்பாஸடர் கார் குறுக்கு அடுக்கு டயரில் ஓடிற்று. அதன் பக்கச்சுவர் முரடு. கல்லில் ஏற்றினாலும் தாங்கும். கிழிந்தாலும் உள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து, டியூபைப் போட்டு, வல்கனைசிங் கடைக்காரர் மறுபடி ஓட வைத்துவிடுவார். முகப்பின் பட்டன் தேய்ந்தால் மேலே ரப்பர் ஒட்டி இன்னொரு பிறவி. அதுவும் தேய்ந்தால் மாட்டு வண்டிக்கு. கடைசியில் செருப்பாகவும் மண் சுமக்கும் கூடையாகவும். ரேடியல் டயர் 1970களின் பிற்பகுதியில் இங்கே அறிமுகமானபோது, நம் சாலைக்கு இது ஆகாது, பக்கம் போய்விடும் என்று ஓட்டுநர்கள் சொன்னது அறியாமையால் அன்று. அவர்கள் தங்கள் சாலைகளை அறிந்து சொன்னார்கள். கார்களில் ரேடியல் வேரூன்றிய பிறகும், லாரிகளில் அது பரவ இந்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

ரேடியல் வந்தது, பழைய பழக்கங்கள் போகவில்லை. சரியான காற்றோடு நிற்கும்போதும் ரேடியலின் பக்கம் சற்றே பிதுங்கித் தெரிவது அதன் இயல்பு. காற்றுப் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் அடிக்கிறவர்களும், எப்போதும் இப்படித்தானே பிதுங்கியிருக்கிறது என்று 20 பவுண்டிலேயே ஓட்டுகிறவர்களும் நம்மிடையே நிறைய உண்டு. அதைவிடத் தீமையானது, பக்கச்சுவரையும் ஒட்டிக் கொடு என்று கடைக்காரரை வற்புறுத்தும் பழக்கம்.

பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் மோதும்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால் இதன் அபாயம் விளங்கும். ஒரு கணம் டயர் முழுவதும் நசுங்கி, பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்மின் உதட்டுக்கும் நடுவில் பக்கச்சுவர் கிள்ளப்படுகிறது. ரப்பர் நீண்டு கொடுத்துத் தப்பிவிடுகிறது. நீளத் தெரியாத நூல்களோ உள்ளே பட்பட்டென்று அறுகின்றன. வெளியே ஒரு கீறல் கூட இராது. காற்றும் இறங்காது. சில நாட்களிலோ, சில நிமிஷங்களிலோ, அறுந்த நூல் விட்ட வழியில் காற்று ரப்பரைத் தள்ளி, நெல்லிக்காய் அளவிலோ எலுமிச்சை அளவிலோ ஒரு புடைப்பு எழும்புகிறது. அந்த இடத்தில் காற்றைத் தடுத்து நிற்பது வெறும் ரப்பர் மட்டுமே. உள்ளே ஒட்டுப் போட்டால் காற்றுக் கசிவு நிற்கலாம்; அறுந்த நூலின் இழுவிசையை எந்த ஒட்டும் திருப்பித் தராது; நிமிஷத்துக்கு 500 முறை மடங்குகிற இடத்தில் ஒட்டும் நெடுநாள் நில்லாது. இங்கே இன்னொரு நுட்பத்தையும் சொல்லிவிட வேண்டும். நல்ல ரேடியல் டயரின் சுவரிலும் விளிம்பிலிருந்து மேல்நோக்கி லேசாக உள்வாங்கிய கோடு ஒன்றிரண்டு தென்படலாம். நூலடுக்கின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இணைகிற இடம் அது, மற்ற இடத்தைவிட அங்கே பலம் அதிகம் என்பதால் பிதுங்காமல் நிற்கிறது. உள்ளே அமிழ்ந்திருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். வெளியே தள்ளியிருப்பதைக் கண்டு அலட்சியம் வேண்டாம்.

சமீப காலத்து நாகரிகம் இந்தச் சுவரைக் குட்டையாகவும் ஆக்கிவிட்டது. 185/65 என்று எழுதிய டயரின் சுவர் ஏறக்குறைய 120 மில்லிமீட்டர் உயரம். 225/45 என்று எழுதிய டயர் அதைவிட அகலமாயிருந்தும் அதன் சுவர் 101 மில்லிமீட்டர்தான். வளைந்து கொடுக்க உயரம் குறையக் குறைய, பள்ளத்தின் அடி நேரே ரிம்மில் போய் விழுகிறது. தோற்றத்துக்காகப் பெரிய ரிம்மும் குட்டைச் சுவரும் மாட்டிக்கொண்டு கிராமத்துச் சாலையில் போகிறவர்கள், ஓர் அடிக்கு ஒரு டயரும் ஒரு ரிம்மும் சேர்த்து விலை கொடுக்க நேர்கிறது. இதில் விற்பனையாளர்களுக்கும் பங்குண்டு என்பது என் அபிப்பிராயம்; சாலை எப்படி என்று கேட்டு டயரைச் சிபாரிசு செய்கிற கடைகள் சொற்பம்.

ஆகவே காரை வைத்திருக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஓட்டுநர் பக்கத்துக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் எழுதிய பவுண்டை, வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன்னால், மாதம் இரு முறையாவது பார்த்துக்கொள்ளுங்கள். தவிர்க்க முடியாத பள்ளம் எதிரே வந்தால் அதற்கு முன்னதாகவே வேகத்தைக் குறைத்து, பள்ளத்தில் இறங்கும் கணத்தில் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக்கோடு இறங்கினால் வண்டியின் முன்பாரம் முழுவதும் அந்தச் சுவரின்மேல் விழும். நடைபாதைக் கல்லில் ஏறித்தான் ஆகவேண்டுமென்றால் உரசினாற்போல் சாய்வாக ஏறாமல், மெதுவாக, நேராக ஏறுங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து வைத்து, முன்சக்கரங்களின் உட்பக்கச் சுவரையும் ஒரு தடவை குனிந்து பாருங்கள். யாரும் பாராத அந்தப் பக்கத்தில்தான் பல வெடிப்புகள் வளர்கின்றன. சுவரின்மேல் சிறு கட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும், பின் இரண்டு வருஷத்தையும் குறிக்கும். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும், வருஷம் பத்தைத் தொட்ட டயரை நம்பி நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம். பக்கச்சுவரில் புடைப்புக் கண்டாலும் நூல் தெரிந்தாலும் அன்றைக்கே ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மெதுவாக வீடு போய்ச் சேருங்கள். அந்த டயரை ஒட்டித் தரும்படி எந்தக் கடைக்காரரையும் கேட்காதீர்கள், ஒட்டித் தருகிறேன் என்று அவரே சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.